பாட்டில் ஐந்து நிமிஷம், நிஜத்தில் 22 மாதம்: ரிஷிவந்தியம் பக்கம் யாரும் சொல்லாத வெளிநாட்டுக் கணக்கு

சென்னை - திருச்சி நெடுஞ்சாலையில் உளுந்தூர்பேட்டை வரை வந்து, சேலம் சாலையில் திரும்பி, தியாகதுருகத்திலிருந்து வடக்கே போனால் ரிஷிவந்தியம். வழி நெடுகக் கரும்பு, நெல், மக்காச்சோளம், மரவள்ளி. வானம் தெளிவாக இருக்கும் நாளில் மேற்கே கல்வராயன் மலை நீலக்கோடு போலத் தெரியும். ரிஷிகள் வந்து வணங்கிய தலம் என்பதால் இந்தப் பெயர் என்கிறார்கள். ஊரின் பெருமை அர்த்தநாரீஸ்வரர் கோயில். இங்கே லிங்கத்துக்குத் தேன் அபிஷேகம் செய்யும்போது அம்பாளின் உருவமும் சேர்ந்து தெரியும் என்பது பக்தர்களின் நம்பிக்கை.

இந்த ஊருக்கு ஒரு சினிமாத் தொடர்பும் உண்டு. 2011 சட்டமன்றத் தேர்தலில் விஜயகாந்த் வென்ற தொகுதி ரிஷிவந்தியம். அந்த வெற்றியோடுதான் அவர் எதிர்க்கட்சித் தலைவர் நாற்காலியில் அமர்ந்தார். அதுவரை விழுப்புரம் மாவட்டத்தின் ஒரு மூலையாக இருந்த ஊரின் பெயர், அந்த மே மாதம் தமிழ்நாட்டின் எல்லா டி.வி-யிலும் ஓடியது. திரையில் பார்த்த மனிதரைத் தெருவில் பார்த்த மக்கள் இவர்கள். திரை வேறு, தெரு வேறு என்பது இவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஆனால், ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் இங்கும் சரி, தமிழ்நாட்டின் மற்ற கிராமங்களிலும் சரி, திரையில் பார்த்ததையே நிஜம் என்று நம்பிக்கொண்டிருக்கிறோம். அதன் பெயர் 'ஃபாரின்'.

ஒரு வருஷப் பயிரும் இரண்டு வருஷப் பெர்மிட்டும்

இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் ஏன் வெளியே கிளம்புகிறார்கள் என்று புரிந்துகொள்ள, கரும்பைப் பார்த்தால் போதும். மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயபாளையத்திலும் கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகள் இருக்கின்றன. கரும்பு நட்டால் வெட்ட ஏறக்குறைய ஒரு வருஷம் ஆகும். அதற்குள் பிள்ளையின் கல்லூரிக் கட்டணம், தங்கையின் கல்யாணம், அப்பாவின் ஆஸ்பத்திரிச் செலவு எல்லாம் வந்துவிடும். பயிர் காத்திருக்கச் சொல்லும், செலவு காத்திருக்காது. கிணற்றில் தண்ணீர் இல்லாத மானாவாரி நிலம் என்றால் இன்னும் சிரமம்.

2019 நவம்பரில் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது. கலெக்டர் அலுவலகம் பக்கத்தில் வந்தது. ஆனால், ஆயிரக்கணக்கில் ஆள் எடுக்கும் பெரிய தொழிற்பேட்டை எதுவும் ரிஷிவந்தியம் பக்கத்தில் இல்லை. ஐ.டி.ஐ., டிப்ளமோ முடித்த பையனுக்கு முன்னால் இருப்பது சென்னை, திருப்பூர், ஓசூர், பெங்களூரு. கல்வராயன் மலையில் இருப்பவர்களுக்குக் கேரளாவிலும் கர்நாடகாவிலும் உள்ள தோட்டங்கள். இதையெல்லாம் தாண்டிக் கொஞ்சம் கையில் காசு, கொஞ்சம் துணிச்சல், ஒரு சொந்தக்காரரின் போன் நம்பர் இருந்தால் சிங்கப்பூர், மலேசியா, துபாய், குவைத், சவுதி.

இந்த வட்டாரத்துக்குச் சென்னை விமான நிலையமும் திருச்சி விமான நிலையமும் சில மணி நேரப் பயணம்தான். காலையில் வீட்டில் இட்லி சாப்பிட்டவர், ராத்திரி சாங்கி விமான நிலையத்தில் வரிசையில் நிற்கலாம். தூரம் குறைந்துவிட்டது. தூரத்தைப் பற்றிய கதை மட்டும் மாறவில்லை.

பாட்டுக்குப் போன வெளிநாடு

தமிழனுக்கு வெளிநாட்டை முதலில் கலரில் காட்டியது சினிமாதான். 1969-ல் 'சிவந்த மண்' ஐரோப்பாவைக் காட்டியது. 1973-ல் 'உலகம் சுற்றும் வாலிபன்' படத்தில் எம்.ஜி.ஆர். ஜப்பானின் எக்ஸ்போ 70 கண்காட்சியையும் ஹாங்காங்கையும் தாய்லாந்தையும் நம்ம ஊர் டென்ட் கொட்டகைக்குக் கொண்டுவந்தார். 1979-ல் பாலசந்தரின் 'நினைத்தாலே இனிக்கும்' சிங்கப்பூரைக் காட்டியது. 1998-ல் ஷங்கரின் 'ஜீன்ஸ்' அமெரிக்காவையும், ஒரே பாட்டில் உலக அதிசயங்களையும் காட்டியது.

வாரப் பத்திரிகைகளும் இதில் சளைத்தவை அல்ல. மணியனின் 'இதயம் பேசுகிறது' பயணக் கட்டுரைகளுக்காக ஆனந்த விகடனை எதிர்பார்த்துக் காத்திருந்த குடும்பங்கள் உண்டு. வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தபடியே பாரீஸும் டோக்கியோவும் பார்த்த தலைமுறை அது.

இவற்றில் எதுவும் பொய் இல்லை. அந்த ஊர்கள் இருக்கின்றன, அந்தக் கட்டடங்களும் இருக்கின்றன. ஆனால், இவை எல்லாவற்றிலும் வெளிநாட்டைப் பார்த்த கண் விருந்தாளியின் கண். பாட்டு முடிந்ததும் படக்குழு ஹோட்டலுக்குத் திரும்பிவிடும். பயணக் கட்டுரை எழுதுபவர் அடுத்த நாட்டுக்கு விமானம் ஏறிவிடுவார். நாயகன் பின்னணியில் கண்ணாடிக் கட்டடத்தை வைத்து ஆடுவான். அந்தக் கண்ணாடியைப் பொருத்தியவன் ஃப்ரேமுக்கு வெளியே நிற்பான். ரிஷிவந்தியம் பக்கத்திலிருந்து போகிறவர் நாயகனாகப் போவதில்லை. பெரும்பாலும் அந்த ஃப்ரேமுக்கு வெளியே நிற்பவராகத்தான் போகிறார்.

உண்மையைச் சொன்ன படங்களும் வந்தன. 2000-ல் வந்த சேரனின் 'வெற்றிக் கொடி கட்டு' துபாய் வேலை என்று சொல்லி ஏமாற்றப்பட்ட இரண்டு இளைஞர்களின் கதை. தேசிய விருதும் வாங்கியது. 2013-ல் 'மரியான்' படத்தில் தனுஷ், கடனை அடைக்க சூடானுக்கு ஒப்பந்த வேலைக்குப் போய் ஆயுதக் கும்பலிடம் மாட்டிக்கொள்ளும் மீனவராக வந்தார். கேரளாவில் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். 2015-ல் மம்முட்டி நடித்த 'பத்தேமாரி', வளைகுடாவில் ஒரு வாழ்நாளையே செலவழித்தவனின் கதை. பென்யாமின் 2008-ல் எழுதிய 'ஆடுஜீவிதம்' நாவல், 2024-ல் படமாக வந்தபோது தமிழிலும் பார்த்தார்கள்.

ஆனாலும் பாருங்கள், 'வெற்றிக் கொடி கட்டு' என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது எது? துபாய் ரிட்டர்ன் என்று அலட்டும் வடிவேலுவும், துபாயில் எங்கே இருந்தாய் என்று பார்த்திபன் கேட்டதும் அவர் முழிக்கும் முழியும்தான். காமெடி மீம் ஆனது. ஏமாந்தவன் கதை மறந்துபோனது.

நூற்றைம்பது வருஷத்துப் பழைய விளம்பரம்

ஆசை காட்டி ஆள் சேர்ப்பது சினிமா வந்த பிறகு ஆரம்பித்தது இல்லை. ரிஷிவந்தியம் அடங்கிய அன்றைய தென்னாற்காடு ஜில்லா, 1860 முதல் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளை அனுப்பிய முக்கியமான ஜில்லாக்களில் ஒன்று. மதராஸ் துறைமுகத்தில் ஏறிய கூலிகளில் பலருக்கு நேட்டால் எங்கே இருக்கிறது என்றே தெரியாது. அங்கே அவர்களுக்குக் காத்திருந்த வேலை, கரும்பு வெட்டுவது. கரும்பு விளையும் தென்னாற்காட்டை விட்டு, கடல் தாண்டிப் போயும் கரும்பு.

மலேயாவுக்கும் இலங்கைக்கும் ஆள் சேர்த்தவர்கள் கங்காணிகள். தேயிலைச் செடியின் தூரைத் தோண்டினால் தேங்காயும் மாசியும் கிடைக்கும் என்று அவர்கள் ஆசை காட்டியதாக இலங்கை மலையகத் தமிழர்களிடையே இன்றும் ஒரு பேச்சு உண்டு. தோண்டியவர்களுக்குக் கிடைத்தது லயன் அறையும் துண்டுக் கணக்கும் கடனும். பிஜித் தீவின் கரும்புத் தோட்டங்களில் நம் பெண்கள் பட்ட பாட்டைப் பாரதியார் பாடினார். இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போனவர்களின் கதியைப் புதுமைப்பித்தன் 'துன்பக்கேணி' கதையில் எழுதினார்.

இந்தப் பழைய கதையில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. கங்காணி என்பவர் வெளி ஆள் இல்லை. பெரும்பாலும் அதே ஊர்க்காரர், தெரிந்தவர், சில சமயம் உறவுக்காரர். அதனால்தான் நம்பினார்கள். இன்றைக்கும் வெளிநாட்டுப் பேச்சை வீட்டுக்குள் கொண்டுவருவது முன்பின் தெரியாத ஏஜென்ட் இல்லை. "மாப்ள, எங்க கம்பெனியில ஆள் எடுக்குறாங்க, வர்றியா?" என்று போனில் கேட்கும் பங்காளியோ, மாமன் மகனோதான்.

இரண்டு வட்டிக் கணக்கு

சரி, எந்தப் படமும் காட்டாத கணக்கை இங்கே போட்டுப் பார்க்கலாம். இது ஒரு மாதிரிக் கணக்குதான். தொகை ஆளுக்கு ஆள், வேலைக்கு வேலை மாறும். ஆனால், கணக்கின் போக்கு பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்.

சிங்கப்பூரில் கட்டுமான வேலைக்குப் போக வேண்டும் என்றால், வெல்டிங், கம்பி கட்டுதல், டைல்ஸ், பிளம்பிங் என ஏதாவது ஒரு தொழிலில் தேர்வு எழுதித் தேற வேண்டும். கிராமத்தில் இதை 'டெஸ்ட் அடிக்கிறது' என்பார்கள். பயிற்சிக் கட்டணம், டெஸ்ட் கட்டணம், சென்னையில் தங்கும் செலவு, ஏஜென்ட் கமிஷன், விமான டிக்கெட் எல்லாம் சேர்த்து 4 லட்சம் ரூபாய் ஆனது என்று வைத்துக்கொள்வோம். அந்த 4 லட்சமும் இரண்டு வட்டிக்கு வாங்கியது. அதாவது, நூற்றுக்கு மாதம் 2 ரூபாய்.

ஓ.டி. சேர்த்து மாதச் சம்பளம் நம் பணத்தில் 50,000 ரூபாய் வருகிறது. சாப்பாடு, போன், கைச்செலவு 12,000. வீட்டுச் செலவுக்கு 15,000. மீதி 23,000-ஐயும் ஒரு ரூபாய்கூட வீணாக்காமல் கடனுக்கே கட்டுகிறார். முதல் மாதம் கட்டும் 23,000-ல் 8,000 வட்டிக்கே போய்விடும். அசல் குறைவது வெறும் 15,000. இப்படியே கட்டிக்கொண்டு வந்தால் கடன் அடைய 22 மாதம் ஆகும். வட்டியாக மட்டும் ஏறக்குறைய 96,000 ரூபாய் போயிருக்கும்.

சிங்கப்பூரில் வொர்க் பெர்மிட் பொதுவாக இரண்டு வருஷம். அதாவது 24 மாதம். அதில் 22 மாதம் கடனுக்கு. நடுவில் ஒரு மாதம் காய்ச்சல் வரக் கூடாது, கம்பெனிக்கு வேலை குறையக் கூடாது, ஊரில் ஒரு சாவோ கல்யாணமோ வரக் கூடாது. எல்லாம் ஒழுங்காக நடந்தால், கடைசி இரண்டு மாதச் சம்பளம்தான் அவருடையது. பெர்மிட் புதுப்பிக்கப்பட்டால் மூன்றாவது வருஷத்திலிருந்து சம்பாத்தியம் ஆரம்பிக்கும். புதுப்பிக்கப்படாவிட்டால், போன இடத்துக்கே திரும்ப வந்து நிற்பார்.

அதனால்தான் அனுபவப்பட்டவர்கள், சம்பளம் எவ்வளவு என்று முதலில் கேட்பதில்லை. "கட்டுன காசை எடுக்க எத்தனை மாசம்?" என்றுதான் கேட்கிறார்கள்.

தேக்காவில் ஒரு ஞாயிறு, மற்ற ஆறு நாள்?

போட்டோவில் வருவது ஞாயிற்றுக்கிழமை. லிட்டில் இந்தியாவில், நம்மவர்கள் 'தேக்கா' என்று சொல்லும் இடத்தில், இஸ்திரி போட்ட சட்டையும் கூலிங்கிளாஸுமாக நிற்பார். மற்ற ஆறு நாள் போட்டோவில் வராது. வேலையிடம் தூரம் என்றால் விடியற்காலை 4.30-க்கு எழ வேண்டும். அப்போது ரிஷிவந்தியத்தில் ராத்திரி 2 மணி, வீட்டில் எல்லோரும் தூங்கிக்கொண்டிருப்பார்கள். லாரியின் பின்பக்கத்தில் உட்கார்ந்து வேலைக்குப் போக வேண்டும். தொழிலாளர்களை இப்படி லாரியில் ஏற்றிப்போவது சரியா என்ற விவாதம் சிங்கப்பூரிலேயே பல வருஷமாக நடக்கிறது.

ராத்திரி திரும்பி, குளிக்க வரிசை, சமைத்த சாப்பாட்டு டப்பா, அடுக்குக் கட்டில். டார்மிட்டரி வாழ்க்கை எவ்வளவு நெருக்கம் என்று உலகத்துக்குக் காட்டியது 2020-ன் கொரோனா. அந்த வருஷ டிசம்பரில் சிங்கப்பூர் அரசு வெளியிட்ட கணக்கின்படி, டார்மிட்டரிகளில் இருந்த சுமார் 3,23,000 தொழிலாளர்களில் 47 சதவிகிதம் பேருக்குத் தொற்று வந்திருந்தது. ஒரே அறையில் பலர் தூங்கும் இடத்தில் 'தள்ளி இருங்கள்' என்றால் எங்கே தள்ளி இருப்பது?

வளைகுடாவில் வெயில். ஐக்கிய அரபு அமீரகத்தில் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை மதியம் 12.30 முதல் 3 மணி வரை திறந்தவெளியில் வேலை வாங்கச் சட்டப்படி தடை இருக்கிறது. சட்டம் போட்டுத் தடுக்கும் அளவுக்கு வெயில் என்றால் நினைத்துப் பாருங்கள். போதாததற்கு 'கஃபாலா' என்ற ஸ்பான்சர் முறை. விசா கொடுத்த முதலாளி சம்மதிக்காமல் வேலை மாற முடியாது என்பது அதன் பழைய விதி. கத்தார் 2020-லும் சவுதி 2021-லும் இதைத் தளர்த்தின. ஆனால், பாஸ்போர்ட்டை முதலாளியிடம் கொடுத்துவிட்டு நிற்கும் ஆளுக்குச் சட்டம் மாறிய செய்தி போய்ச் சேரவே நாளாகும்.

வீடியோ காலில் சொல்லாதது

இவ்வளவு நடக்கிறதே, ஊருக்கு ஏன் தெரியவில்லை? போன் இருக்கிறது, வாட்ஸ்அப் இருக்கிறது. ஐம்பது வருஷத்துக்கு முன்பாவது கடிதம் வர ஒரு மாதம் ஆனது. இப்போது முகம் பார்த்தே பேசலாமே?

அங்கேதான் இந்தக் கதையின் முடிச்சு இருக்கிறது. அம்மா முகத்தைப் பார்த்த பிறகு யாருக்கு உண்மை சொல்ல மனசு வரும்? "சாப்டியாப்பா?" என்று கேட்கும்போது, "சாப்டேன்மா, இன்னிக்குப் பிரியாணி" என்பதுதான் பதில். கால் செய்வதற்கு முன் சட்டை மாற்றுகிறார்கள். பின்னால் அடுக்குக் கட்டில் தெரியாத மாதிரி கேமராவைத் திருப்புகிறார்கள். கையில் கட்டு போட்டிருந்தால், அந்த வாரம் 'நெட் சரியில்லை' என்று ஆடியோ கால் மட்டும்தான்.

இந்தப் பொய்யில் சுயநலம் இல்லை. வீடு கவலைப்படக் கூடாது என்ற பாசம் இருக்கிறது. நிலத்தை அடமானம் வைத்து அனுப்பிய அப்பாவிடம், 'தப்பு பண்ணிட்டோம்' என்று சொல்ல முடியாத வெட்கம் இருக்கிறது. 'வெற்றிக் கொடி கட்டு' படத்தில் ஏமாந்துபோன இருவரும் வீட்டுக்கு உண்மையைச் சொல்லத் துணியமாட்டார்கள். மகன் துபாயில் இருப்பதாகவே குடும்பம் நம்பிக்கொண்டிருக்கும். 2000-ல் அது சினிமாக் கற்பனை. இப்போது அதைச் செய்ய ஒரு ஃபில்டர் போதும்.

வீட்டிலும் இதே கதைதான். மனைவி தன் கஷ்டத்தைச் சொல்லமாட்டார். மாமியார் ஆஸ்பத்திரியில் சேர்ந்தது, பையன் ஸ்கூலில் அடம்பிடிப்பது, கடன்காரர் வாசலில் வந்து நின்றது எதையும் சொல்லமாட்டார். 'அங்கே கஷ்டப்படுற மனுஷனுக்கு இதையும் சொல்லணுமா?' என்று நினைப்பார். நடவு, களையெடுப்பு, ஆள் கூலி, ரேஷன், பேங்க் எல்லாம் அவர் தலையில். இப்படி இரண்டு பக்கமும் நல்லதை மட்டும் பேசி, இரண்டு பக்கமும் தனியாக அழுகிறார்கள்.

பிறகு லீவில் ஊருக்கு வரும் நாள். அட்டைப்பெட்டியில் கோடாலித் தைலம், சாக்லேட், சென்ட், மச்சானுக்குப் போன், அக்கா பிள்ளைக்கு பொம்மை. ஏர்போர்ட்டிலிருந்து கார். மூன்று வாரம் ஊரே விருந்து வைக்கும். அந்த மூன்று வாரத்துக்காக அவர் எத்தனை மாதம் ஓ.டி. பார்த்தார் என்பது அட்டைப்பெட்டியில் எழுதியிருக்காது. அதைப் பார்த்துக்கொண்டு நிற்கும் பிளஸ் டூ பையன் மனசுக்குள் ஒரு படம் ஓட ஆரம்பிக்கும். அடுத்த கடன் அங்கேதான் பிறக்கிறது.

செய்தியாக வரும் நாள்

மறைத்து வைத்த நிஜம் சில நாள்களில் செய்தியாக வெளியே வரும். 2024 ஜூன் 12 அன்று குவைத்தின் மங்காஃப் பகுதியில் தொழிலாளர்கள் தங்கியிருந்த கட்டடத்தில் விடியற்காலையில் தீப்பிடித்தது. தூக்கத்திலேயே பலர் புகையில் சிக்கினார்கள். இரண்டு நாள் கழித்து விமானப்படை விமானம் 45 இந்தியர்களின் உடல்களுடன் கொச்சியில் வந்து இறங்கியது. அதில் 7 பேர் தமிழ்நாட்டுக்காரர்கள். விழுப்புரம், கடலூர் என்று இந்தப் பக்கத்து மாவட்டங்களின் பெயரும் அந்தப் பட்டியலில் இருந்தது.

2022-ல் வந்த செய்தி வேறு விதம். தாய்லாந்தில் கம்ப்யூட்டர் வேலை, நல்ல சம்பளம் என்று நம்பிப் போன படித்த இளைஞர்களை, எல்லை தாண்டி மியான்மரின் மியாவாடிக்குக் கொண்டுபோய் ஆன்லைன் மோசடி வேலையில் அடைத்தார்கள். மறுத்தவர்களுக்கு அடி. அந்த அக்டோபரில் மீட்கப்பட்டுத் திரும்பியவர்களில் தமிழர்களும் இருந்தார்கள். கங்காணிக்குப் பதில் டெலிகிராம் குரூப். தேங்காய்க்கும் மாசிக்கும் பதில் டேட்டா என்ட்ரி.

நல்லதும் நடக்கிறது

அப்படியானால் போகவே கூடாதா? அப்படிச் சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. 2015-ல் எடுக்கப்பட்ட தமிழ்நாடு இடப்பெயர்வு ஆய்வு, சுமார் 22 லட்சம் தமிழ்நாட்டுக்காரர்கள் வெளிநாட்டில் இருப்பதாகக் கணக்கிட்டது. அதிகம் பேர் போன நாடு சிங்கப்பூர். இத்தனை பேரும் ஏமாந்து போனவர்கள் இல்லை. அந்தப் பணத்தில் கூரை வீடு மாடி வீடானது. தங்கை இன்ஜினீயரிங் படித்தாள். அடமானத்தில் இருந்த நிலம் மீண்டது, போர் போட்டுத் தண்ணீர் வந்தது. போன இடத்தில் கற்ற வேலையை வைத்து ஊரில் பட்டறை போட்டவர்கள் உண்டு. ஊரில் சாதி பார்த்துக் கூப்பிட்டவர்கள், சிங்கப்பூரிலிருந்து திரும்பிய பிறகு பெயர் சொல்லிக் கூப்பிட்ட மாற்றமும் சிலருக்கு நடந்திருக்கிறது.

நன்றாகப் போனவர்களைக் கவனித்தால் பொதுவாகச் சில விஷயம் தெரியும். கையில் ஒரு தொழில் இருந்தது. கடன் குறைவாக இருந்தது. போகும் வேலை என்ன என்று தெளிவாகத் தெரிந்தது. எத்தனை வருஷம், எதற்காக என்று வீட்டோடு உட்கார்ந்து பேசி முடிவு செய்திருந்தார்கள். கதையை நம்பி அல்ல, கணக்கை நம்பிப் போனார்கள்.

பெட்டி கட்டும் முன்

வீட்டில் யாராவது வெளிநாட்டு வேலைக்குக் கிளம்பினால், இந்தச் சிலவற்றை மட்டும் மறக்காமல் பாருங்கள்.

* ஏஜென்ட் பதிவு பெற்றவரா? மத்திய வெளியுறவு அமைச்சகத்தின் 'இ-மைக்ரேட்' இணையதளத்தில் பதிவு பெற்ற ஏஜென்ட்களின் பட்டியல் இருக்கிறது. போனிலேயே பார்க்கலாம். பதிவு பெற்ற ஏஜென்ட் சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி-யும்தான் வாங்கலாம். ரசீது கட்டாயம்.

* என்ன விசா? டூரிஸ்ட் விசாவில் போய் அங்கே வேலை விசாவாக மாற்றிக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால், அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். பிரச்னை வந்தால் பாதுகாப்பு கிடைப்பது கடினம்.

* பத்தாவது தேறாதவரா? அவர்கள் வளைகுடா நாடுகள், மலேசியா போன்ற நாடுகளுக்கு வேலைக்குப் போகக் குடிபெயர்வு அனுமதி வாங்க வேண்டும். சென்னையில் இதற்கான அலுவலகம் உண்டு. இந்த அனுமதி பெற வேண்டிய பெண்கள் வீட்டு வேலைக்குப் போவதானால், 30 வயது நிரம்பியிருக்க வேண்டும், அரசு நிறுவனங்கள் வழியாகத்தான் போக வேண்டும். தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு மனிதவள நிறுவனம் அப்படி ஒன்று. இது 1978-லிருந்து இயங்குகிறது.

* சிங்கப்பூர் என்றால் கூடுதல் கவனம். குடிபெயர்வு அனுமதி கேட்கும் நாடுகளின் பட்டியலில் சிங்கப்பூர் இல்லை. அதனால் அந்தச் சோதனை நடக்காது, நாமேதான் பார்த்துக்கொள்ள வேண்டும். சிங்கப்பூர் ஏஜென்ட் தொழிலாளியிடம் அதிகபட்சம் இரண்டு மாதச் சம்பளம்தான் கட்டணமாக வாங்கலாம் என்பது அந்த நாட்டுச் சட்டம்.

* இன்ஷூரன்ஸ். 'பிரவாசி பாரதிய பீமா யோஜனா' திட்டத்தில் இரண்டு வருஷத்துக்கு 275 ரூபாய் பிரீமியம் கட்டினால், விபத்தில் இறந்தாலோ நிரந்தர ஊனமானாலோ 10 லட்சம் ரூபாய் கிடைக்கும். பிரியாணி விலைதான்.

* காகிதங்கள். பாஸ்போர்ட், விசா, ஒப்பந்தம், கம்பெனி முகவரி, தங்கும் இடத்தின் முகவரி எல்லாவற்றுக்கும் ஒரு நகல் வீட்டில் இருக்கட்டும். கையெழுத்துப் போடும் முன் ஒப்பந்தத்தைத் தமிழில் யாரையாவது படித்துச் சொல்லச் சொல்லுங்கள்.

* அரசிடம் பதிவு. தமிழ்நாடு அரசில் அயலகத் தமிழர் நலனுக்கெனத் தனித் துறையும் நல வாரியமும் இருக்கின்றன. ஒவ்வொரு ஜனவரி 12-ம் தேதியும் அயலகத் தமிழர் தினம் கொண்டாடப்படுகிறது. வாரியத்தில் உறுப்பினராகச் சேர்வது, ஏதாவது நடந்தால் குடும்பத்துக்குக் கைகொடுக்கும்.

இதோடு, காகிதத்தில் வராத இன்னொன்றும் வேண்டும். கிளம்பும் முன் வீட்டில் ஒரு பேச்சு. "அங்கே சரியில்லன்னா மறைக்காம சொல்லு. கடனை எப்படியாவது பார்த்துக்கலாம், நீ வந்துடு" என்று அப்பாவோ அம்மாவோ ஒரு முறை வாய்விட்டுச் சொல்லிவிட்டால், எத்தனையோ வீடியோ கால்களில் பொய் தேவைப்படாது.

லீவில் ஊருக்கு வருகிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். தைலமும் சாக்லேட்டும் கொண்டு வாருங்கள், சந்தோஷம்தான். அதோடு அந்த 22 மாதத்தையும் கொண்டு வாருங்கள். டீக்கடையில் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "அண்ணே, அங்க எப்படிண்ணே இருக்கு?" என்று கேட்கும் தம்பியிடம் மால்களைப் பற்றி மட்டும் சொல்லாதீர்கள். எவ்வளவு கட்டினீர்கள், எத்தனை மாதத்தில் எடுத்தீர்கள், எத்தனை மணிக்கு எழுந்தீர்கள், எந்தத் தொழில் தெரிந்திருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும் என்று சொல்லுங்கள். அதைக் கேட்ட பிறகும் அவன் போகலாம். ஆனால், தெரிந்து போவான்.